கேள்வி – பதில்: பக்தி ஒரு சுவையா?

கேள்வி: தேவாரமும் பாசுரமும் கேட்டால் உருகிப்போகிறோம். வடமொழிச் சுவைக் கணக்கில் மட்டும் பக்தியைக் காணோமே?

பதில்: நாட்டிய சாஸ்திரத்தில் பரதர் எண்ணிய சுவைகள், அதாவது ரசங்கள், எட்டு. ஒன்பதாவதாகச் சாந்தத்துக்கு (அமைதிச் சுவைக்கு) வலுவாக வாதாடியவர்கள் காஷ்மீரத்து ஆசிரியர்கள். மகாபாரதத்தின் முதன்மைச் சுவையே சாந்தம் என்றார் 9-ஆம் நூற்றாண்டின் ஆனந்தவர்த்தனர். ஆனால் சைவ ஞானியான அபிநவகுப்தர்கூட பக்தியைச் சாந்தத்துக்குத் துணையாகத்தான் வைத்தார். 11-ஆம் நூற்றாண்டு மம்மடர் இன்னும் கறார்: தெய்வத்தின் மேல் வைத்த அன்பு 'பாவம்' (வெறும் உணர்வு) என்ற அளவில் நின்றுவிடும், ரசமாக முதிராது.

17-ஆம் நூற்றாண்டில் ஜகந்நாத பண்டிதர் இந்தக் கேள்வியைத் தாமே எழுப்பினார். இறைவன் ஆலம்பனம் (உணர்வுக்குப் பற்றுக்கோடு), மயிர்க்கூச்செறிதலும் கண்ணீரும் அனுபாவம் (உணர்வின் வெளிப்பாடு), மகிழ்ச்சி முதலியவை அதை வளர்க்கும் துணை உணர்வுகள், பாகவதம் கேட்கும்போது அடியார் இதை அனுபவிக்கிறார். ஒரு சுவைக்கு வேண்டிய எல்லா உறுப்பும் இருக்கின்றனவே என்று அடுக்கிக் காட்டிவிட்டு, பரதர் வகுத்த கணக்கு குலையும் என்று மறுத்துவிட்டார். வாதத்தில் வென்றது பக்திதான் என்பது என் கருத்து.

அதற்கு முன்பே, 1541-இல், வைணவ ஆசிரியர் ரூப கோஸ்வாமி வேறு வழி கண்டிருந்தார். பரதரின் உறுப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணன்மேல் உள்ள ரதியை (அன்பை) நிலைபேறான உணர்வாக்கினார். சாந்தம், அடிமை, தோழமை, பிள்ளையன்பு, காதல் என முதன்மை 5, துணை 7, ஆக 12. இதில் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: சுவைப்பவர் மாறிவிட்டார். அபிநவகுப்தருக்குக் காவியப் பயிற்சியால் மனம் தெளிந்த எவரும் சஹிருதயர், அதாவது சுவைக்கத் தகுந்தவர். ரூபருக்கோ பக்தியின் வாசனை (மனத்தில் முன்பே பதிந்த சுவடு) இல்லாதவர் ரசிகரே அல்லர்.

கேள்வி: கலை இன்பமும் இறை இன்பமும் ஒன்று என்கிறார்களே?

பதில்: 'போன்றது' என்றார்கள். அபிநவகுப்தருக்கு முந்தைய ரசக் கொள்கை ஆசிரியர் பட்டநாயகர் இரண்டையும் ஒப்பிட்டார். காவிய உணர்வு 'என்னுடையது, அவனுடையது' என்ற பற்று நீங்கிப் பொதுவாகிவிடுகிறது என்பது அவர் விளக்கம். அபிநவகுப்தர் அதை ஏற்றும் எல்லை வகுத்தார்: யோகியின் அனுபவத்தில் பொருள்களின் அழகுக்கு இடமில்லை, ரசிகருக்கு நாயகி, நிலவு, தோட்டம் எல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும்.

கேள்வி: நம்மாழ்வார் தலைவியாகப் பேசும் பாசுரங்களை எப்படி வாசிப்பது?

பதில்: திருவாய்மொழி 2.1-இன் முதல் பாட்டை எடுத்துக்கொள்வோம்: 'வாயும் திரையுகளும் கானல் மடநாராய்! ஆயும் அமருலகும் துஞ்சிலும் நீ துஞ்சாயால், நோயும் பயலைமையும் மீதூர எம்மேபோல் நீயும் திருமாலால் நெஞ்சம் கோட்பட்டாயே.' தாயும் தேவருலகும் உறங்கினாலும் நீ உறங்கவில்லையே, நோயும் பசலையும் மிக, என்னைப் போல நீயும் திருமாலிடம் நெஞ்சைப் பறிகொடுத்தாயோ என்று தலைவி நாரையைக் கேட்கிறாள்.

முதலில் திணையைப் பாருங்கள். கானல், அலை, நாரை: நெய்தல், அதன் உரிப்பொருள் இரங்கல். பிறகு உறுப்புகள். திருமால் ஆலம்பனம், இரவுக் கடற்கரை உத்தீபனம் (உணர்வைத் தூண்டும் சூழல்), உறக்கமின்மையும் பசலையும் அனுபாவம். இனித்தான் கவிதையின் உயிர்நாடி. நாரை விழித்திருப்பது மீனுக்காக, அதன் வெண்மை இயல்பு. தலைவிக்கோ இரண்டும் தன் நோயாகத் தெரிகின்றன. உலகையே தன் துயரமாகக் காணும் அந்த மயக்கம் பிடிபட்டால்தான் 'நீயும்' என்பதில் உள்ள உம்மையின் கனம் தெரியும்.

வழக்கமாக நேரும் பிழை, எடுத்த எடுப்பில் நாரையைக் குருவாக்கிவிடுவது. உரையாசிரியர்கள் அந்த உட்பொருளையும் சொல்வதுண்டு. அதற்குப் பெயர் ஸ்வாபதேசம். ஆனால் தலைவியின் பேச்சாகிய அந்யாபதேசத்தை நிறைவாகச் சுவைத்த பிறகே அங்கே போவார்கள். 'ஞானத்தில் தம் பேச்சு, பிரேமத்தில் பெண் பேச்சு' என்கிறது ஆசார்ய ஹ்ருதயம் என்ற வைணவ நூல். பெண் குரல் ஒப்பனை என்று நினைப்பவருக்கு அதுவே பதில்.

மாணிக்கவாசகரின் திருக்கோவையாரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் 400 பாட்டிலும் காதலர் வேறு, சிவன் வேறு. தில்லைக் கூத்தன் பாட்டுடைத் தலைவன், காதலிப்பவன் கிளவித் தலைவன்.

கேள்வி: இலக்கணம் எழுதியவரின் சமயம் இலக்கணத்தைக் கட்டிப்போட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூலைச் செய்த புத்தமித்திரர் பௌத்தர். குஜராத்தின் சமணத் துறவி ஹேமசந்திரர், 12-ஆம் நூற்றாண்டில், சைவரான அபிநவகுப்தரின் ரச விளக்கத்தைத் தம் நூலில் பத்தி பத்தியாக எடுத்தாண்டார். நாட்டிய சாஸ்திரத்துக்கு அபிநவகுப்தர் எழுதிய உரையான அபிநவபாரதியின் சுவடிகள் சிதைந்து கிடைத்தபோது, பதிப்பாசிரியர்கள் பாடம் திருத்தத் துணையாகக் கொண்டவற்றுள் ஹேமசந்திரரின் அந்த நூலும் ஒன்று.