பால்போல் வெளுக்கும் கரைசல்

கேள்வி: ஒரு யூரோப்பியத்துக்குப் பத்து டங்ஸ்டன் உள்ள ஆக்சைடு கொத்துச் சேர்மத்தை (பல உலோக அணுக்கள் ஆக்சிஜனால் இணைந்த ஒரே பெரிய அயனி) செய்து பார்க்கிறேன். யூரோப்பியம் நைட்ரேட் கரைசலை ஊற்றியதுமே எல்லாம் பால்போல் வெளுத்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் ஊற்றிய வேகத்தில்தான். கரைசல் விழும் இடத்தில் யூரோப்பியம் மிகுந்து, கரையாத யூரோப்பியம் டங்ஸ்டேட் உண்டாகிவிடும். பிஎச் 9-ஐ ஒட்டி இருந்தால் ஹைட்ராக்சைடும் சேர்ந்து படியும்.

8.25 கிராம் சோடியம் டங்ஸ்டேட் டைஹைட்ரேட்டை (25 மில்லிமோல்) 20 மில்லி நீரில் கரையுங்கள். அடர் அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் 7.2-க்குக் கொண்டுவாருங்கள். பிஎச் தாள் போதாது, பிஎச் மானி வேண்டும். ஒரு கொத்து உருவாக எட்டு ஹைட்ரஜன் அயனிகள் தேவை. அமிலம் இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால், விழும் இடத்தில் பிஎச் சட்டென்று சரிந்து டங்ஸ்டிக் அமிலம் படியும். அசிட்டிக் அமிலம் அந்த விஷயத்தில் பொறுமையானது.

பிறகு 85–90 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். 1.12 கிராம் யூரோப்பியம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட்டை (2.5 மில்லிமோல்) 2 மில்லி வெந்நீரில் கரைத்து, வேகமாகக் கலக்கியபடியே ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். ஒரு சொட்டின் கலங்கல் மறைந்த பிறகே அடுத்தது. டங்ஸ்டேட்டில்தான் யூரோப்பியத்தை விடவேண்டும். வரிசையை மாற்றினால் மீள வழியில்லை. லேசான கலங்கல் மிஞ்சினால் சூடாகவே வடிகட்டி, மெல்ல ஆறவிடுங்கள்.

கேள்வி: கண்ணாடிபோல் வந்த படிகங்கள் மறுநாளே வெளுத்துவிட்டன. சேர்மம் சிதைந்துவிட்டதா?

பதில்: இல்லை. படிகத்தில் ஒரு கொத்துக்கு முப்பது நீர் மூலக்கூறுகளுக்கு மேல் இருக்கும். உலர்ந்த காற்றில் அவை வெளியேறுவதால்தான் படிகம் வெளுக்கிறது. படிகம் உருவான தாய்க்கரைசலிலேயே வைத்திருங்கள், எக்ஸ்ரே ஆய்வுக்கு எடுத்த கையோடு எண்ணெயில் அமிழ்த்துங்கள்.

கேள்வி: 254 நானோமீட்டர் புறஊதா விளக்கில் சிவப்பாக ஒளிர்ந்தால் போதுமா?

பதில்: போதாது. முதலில் சொன்ன வெள்ளை வீழ்படிவும் சிவப்பாக ஒளிரக்கூடும். நிறமாலையைப் பாருங்கள்: உங்கள் கொத்தில் 590 நானோமீட்டரை ஒட்டிய கோடு, 620-ஐ ஒட்டியதற்கு ஈடுகொடுத்து நிற்கும். 615-ஐ ஒட்டிய ஒரே கோடு மற்றதையெல்லாம் அமுக்கினால் சந்தேகப்படுங்கள். கொத்தில் யூரோப்பியத்தின் இருபுறமும் உள்ள இரு டங்ஸ்டேட் துண்டுகளும் ஆளுக்கு நான்கு ஆக்சிஜன் தந்து யூரோப்பியத்தை முழுதாகச் சூழ்ந்துவிடுகின்றன. ஒளியைத் தணிக்கும் நீர் மூலக்கூறு நேரடியாக ஒட்ட இடமே இல்லை. இந்தக் கட்டமைப்பின் அழகே அதுதான்.

இதே முறையில் யூரோப்பியத்துக்குப் பதில் எர்பியத்தையும் வைக்கலாம். அந்தச் சேர்மம் ஒற்றை மூலக்கூறு காந்தமாக (மிகக் குளிரில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனிக் காந்தம்போல்) நடந்துகொள்வது 2008-இல் தெரியவந்தது. எர்பியச் சேர்மத்துக்கு இந்த விளக்குச் சோதனை உதவாது. அகச்சிவப்பு நிறமாலையை யூரோப்பியச் சேர்மத்தின் நிறமாலையோடு ஒப்பிடுங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும்.