படம் வரையவே வராதவர்களுக்குக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் சொல்லித்தர முடியுமா?

தாராளமாக முடியும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகளுக்கு டிசைனும் ஓவியமும் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பத்தாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டோடு பென்சிலைக் கீழே வைத்தவர்கள். அந்த நோட்டும் அக்கா வரைந்து கொடுத்ததாக இருக்கும்.

கை பழகிவிடும். முதல் பருவத்தில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குக் கூட்டிப்போவேன். திருச்செந்தூர் சாலையில் பக்கம்தான். ஆளை நிறுத்திவைத்து வரைய எங்களுக்கு வசதி கிடையாது. தூணில் நிற்கும் வீரபத்திரரும் குறவனும் அசையவும் மாட்டார்கள், டீயும் கேட்க மாட்டார்கள். முகத்தை வரையக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, அதற்கு ஈடாகத் தோள் எங்கே தாழ்கிறது, அவ்வளவுதான். நகையும் கிரீடமும் அப்புறம்.

உண்மையில் பாடாய்ப் படுத்துவது தமிழ் எழுத்து. பழைய போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும். செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினை மாற்றினால் சரியாகிவிடும். அது தெரியாமல் பாமினி என்கிற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவுக்கு ஓடுவார்கள். அதே வாசகத்தை இணையத்தில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். வரி இடைவெளி இன்னொரு தலைவலி. ஆங்கிலத்துக்கு வைத்த அளவில் தமிழைப் போட்டால் மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் 'கீ'யோடு முட்டும்.

அதனால் முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டரைத் தொட விடுவதில்லை. பட்டைப் பிரஷ், சார்ட், கடைப் பெயர்கள். அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன், "எங்கப்பா ஒரே இழுப்புல போடுவாவ சார்" என்றான். அப்பா போர்டு எழுதுகிறவர். பிளக்ஸ் வந்தபின் தொழில் படுத்துவிட்டது. ஒருநாள் வகுப்புக்கு வரச் சொன்னேன். நூலில் சாக்பீஸ் பொடி தடவிச் சுண்டிக் கோடு போட்டார். நடுவைப் பிடித்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற பையனிடம், "எழுத்த எண்ணாதல, எடத்த எண்ணு. 'ணை' ரெண்டாள் எடம் பிடிக்கும், 'ர' அரை டிக்கெட்டு" என்றார். நான் மூன்று வகுப்பில் சொன்னது அது.

கலை வரலாறு என்றால் பாடத்திட்டத்தில் 1919, ஜெர்மனி, பௌஹவுஸ் என்கிற டிசைன் பள்ளி. நான் கோவில்பட்டியில் தொடங்குவேன். அங்கிருந்து வரைந்த கொண்டையராஜுவின் (1898–1976) சாமிப் படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. ஆச்சி வீட்டுப் பூஜையறையில் ஏதாவது காலண்டர் படம் சட்டம் போட்டு இருக்கிறதா, தேடிப் பாருங்கள் என்பேன். கீழே கடைப் பெயருக்கும் தேதித் தாளுக்கும் இடம் வேண்டும் என்று தெரிந்தே முருகனை மேலே நிறுத்தியிருப்பார்கள். அதுவும் டிசைன்தான். தேர்வில் இதெல்லாம் வராது. வண்ணச் சக்கரத்தை வரையறுக்கச் சொல்லி இரண்டு மதிப்பெண் வரும்.

எதையாவது விடச் சொல்லித்தருவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஊர் பிளக்ஸ்களைப் பார்த்திருப்பீர்கள், பொடிப்பொடியாக நாற்பது முகம். மூன்றாம் ஆண்டில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்யச் சொல்வேன்: ஒரே படம், ஒரே எழுத்துரு. "மாமா படம் போடலைன்னா சண்டை வந்துரும் சார்" என்பார்கள். பொய்யில்லை, வரத்தான் செய்யும்.

போன வருடம் ஒரு பிள்ளை தன் தாத்தாவுக்கே அப்படி ஒன்று செய்தாள். வலது ஓரத்தில் தாத்தா, கீழே பெயரும் தேதியும், மீதி வெள்ளை. பிரஸ்ஸிலிருந்து ராத்திரி போன் பண்ணினார்களாம்: "ஏம்மா, காலியா கெடக்குற எடத்துல யார் படம் வரணும்?"