அம்மாவுக்குப் படபடப்பு, மகளுக்கு வயிற்றுவலி: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 42. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறேன். காலை 4 மணிக்கு எழுந்தால் படுக்க இரவு 10 ஆகிவிடும். சில மாதங்களாகக் கழுத்து இறுகுகிறது, படபடப்பு வருகிறது, நடு இரவில் விழித்துக்கொண்டு குழுக்கடனை நினைத்தபடி கிடக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்கிறாள்; எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். நாங்கள் தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தூக்க மாத்திரை இப்போது இருவருக்குமே வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியோ, அக்கம்பக்கத்தார் கொடுத்ததையோ மகளுக்கு ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் உங்கள் படபடப்பு. அதை மன அழுத்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன், இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றைப் பார்த்து, ஒரு இசிஜியும் எடுத்துவிட வேண்டும். உங்கள் வயதில் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தசோகை. அதுவும், தைராய்டு மிகுதியாகச் சுரப்பதும் இதே படபடப்பையும் களைப்பையும் தரும். மேட்டில் ஏறும்போது நெஞ்சு அடைத்து வியர்த்தால், பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவை சரியாக இருந்தால், காரணம் பெரும்பாலும் மன அழுத்தமாகவே இருக்கும். அது உங்கள் மனத்தின் பலவீனமன்று. ஆபத்தைக் கண்டால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலைத் தயார் செய்ய அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் ஹார்மோன்கள் சுரக்கின்றன, ஆபத்து நீங்கியதும் அடங்குகின்றன. ஆனால் வாரத் தவணையும் பொதுத்தேர்வும் ஓடித் தப்பக்கூடியவை அல்ல என்பதால், அடங்க வேண்டிய உடல் அடங்காமல், கழுத்துத் தசையை இறுக்கியும் தூக்கத்தைக் கலைத்தும் விழிப்பாகவே இருக்கிறது. குடலும் மூளையும் நரம்புகளால் பிணைந்தவை. ஆகவே உங்கள் மகளின் வயிற்றுவலி உண்மையான வலி, தயவுசெய்து நடிப்பு என்று சொல்லாதீர்கள். விடுமுறை நாளிலும் வலி வந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, எடை குறைந்தாலோ அவளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் நாளில் ஓய்வுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அப்படியொரு நேரம் உங்களிடம் இல்லை. ஜீப் மலையேறும் நேரம் இருக்கிறது. நெருக்கி உட்கார்ந்திருந்தாலும் இதைச் செய்யலாம்: தோள்களைத் தளர்த்தி, மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள்; ஐந்து நிமிடம் போதும். மூச்சை விடும் நேரம் நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. நடு இரவில் விழிப்பு வந்தாலும் இதையே செய்யுங்கள். கடன் கணக்கைப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல், மாலையிலேயே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். தோட்டத்தில் குடிக்கும் கட்டன் சாயாவை (பால் சேர்க்காத தேநீரை) மதியத்தோடு நிறுத்துங்கள். அதில் தூக்கத்தைத் தடுக்கும் காஃபீன் இருக்கிறது; உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவில் விழித்துப் படிக்க மகள் காபி குடிக்கிறாளா என்றும் பாருங்கள். அவள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் படித்தது நினைவில் படிவதும் அந்தத் தூக்கத்தில்தான்.

நான் மிகவும் வற்புறுத்துவது நீங்கள் வீடு திரும்பிய முதல் அரைமணி நேரத்தைப் பற்றி. கால் வலியோடு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “படிச்சியா?” என்று கேட்டுவிடுகிறோம், அதில் உங்கள் பயம் அவளுக்குப் போகிறது, அவள் எரிந்து விழும்போது அது இரட்டிப்பாக உங்களிடம் திரும்புகிறது. அந்த அரைமணி நேரம் படிப்பும் கடனும் பேச வேண்டாம். அவள் தட்டில் எதையாவது சாப்பிடட்டும், நீங்கள் வெந்நீரில் கைகால் கழுவுங்கள், அவளாகப் பேசினால் கேளுங்கள். “ஃபெயிலானாலும் நம் வீட்டில் உனக்கு இடம் உண்டு” என்பதை ஒரு நாளாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்; தெரியும்தானே என்று பிள்ளைகளிடம் விட்டுவிடக்கூடாத செய்தி அது.

இரண்டு வாரத்திற்கு மேல் அவள் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல், பிடித்தவற்றையும் விட்டுவிட்டு இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும் தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு அப்படித் தோன்றினாலும் அதுவேதான். 14416 என்பது அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண், கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மலைக்குப் போகாத நாளில் இரத்தப் பரிசோதனையைச் செய்துவிட்டு, முடிவுகளோடு மருத்துவரைப் பாருங்கள்.