சிரிப்பெல்லாம் ஸ்டாலுக்கு மட்டுமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 39. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். வாட்டர் கலர்தான் என் வேலை. காவிரிப் படித்துறை, கோயில் குளம், ஓட்டு வீட்டுத் திண்ணை என்று எங்கள் ஊர்ப்பக்கத்துக் காட்சிகள். பெரிய கேலரி எதுவும் என்னைக் கூப்பிட்டதில்லை, நானும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. தெருவிலும் மைதானத்திலும் நடக்கிற ஓவியச் சந்தைகள்தான் பிழைப்பு. ஜனவரியில் பெங்களூரு சித்ர சந்தை, அது முடிந்த கையோடு மும்பை காலா கோடா, முன்னும் பின்னும் ஹைதராபாத், சென்னை, கொச்சி என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. தீபாவளி முடிந்து கிளம்பினால் பிப்ரவரி கடைசிவரை பாதி வாழ்க்கை ரயிலில்தான். கோடையில் வரைந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் தாளே காயாது.

பார்க்கிறவர்களுக்கு இது ஜாலியான பிழைப்பு. சித்ர சந்தையன்று விடிவதற்குள் குமாரகிருபா சாலையில் போய், கயிறு கட்டி, கிளிப் போட்டு, காற்றுக்குப் படம் திரும்பிக்கொள்ளாமல் கீழே இன்னொரு கயிறு கட்டி முடிப்பதற்குள் கூட்டம் வந்துவிடும். இரவுவரை நின்றுகொண்டே பேச வேண்டும். "இது கையால வரைஞ்சதா, பிரின்டா?" "எங்க பொண்ணு இதைவிட நல்லா வரைவா." இந்த வருடம் ஒருத்தர் ஒரு படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "படம் வேண்டாம், இந்த பிரேம் மட்டும் எவ்வளவு?" என்றார். எல்லாவற்றுக்கும் சிரித்துத்தான் பதில் சொல்வேன். தெரிந்த கன்னடத்திலும் இந்தியிலும் ஜோக் அடிப்பேன். சில நாள் சின்னச் சின்ன பிரின்ட் மட்டும் போகும், லாட்ஜ் வாடகைக்கே பத்தாது. சில நாள் கடை கட்டும் நேரத்தில் யாரோ வந்து பெரிய ஒரிஜினல் இரண்டை எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த ஒன்றில் மொத்தச் செலவும் வந்துவிடும்.

இந்த ஜனவரியில் முதல் முறையாக என் மனைவியும் பெங்களூருக்கு வந்தாள். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போட்டாள். திரும்பும்போது ரயிலில் கேட்டாள்: "யாருன்னே தெரியாதவங்ககிட்ட இவ்வளவு பேசறீங்க. வீட்டுக்கு வந்தா மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?" நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

அவள் சொன்னது உண்மைதான். ஊர் திரும்பினால் மூன்று நாலு நாள் யாரிடமும் பேசப் பிடிக்காது. பையன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தால்கூட எரிந்து விழுகிறேன். அப்புறம் மும்பை போனேன், நன்றாகவே விற்றது. ஆனாலும் வந்ததிலிருந்து பிரஷ்ஷைத் தொடவில்லை. டேப் போட்டு இழுத்து ஒட்டி வைத்த தாள் போர்டிலேயே இருக்கிறது. படித்துறை படம்தான் விற்கிறது, அதையே திரும்ப வரைய உட்கார்ந்தால் கை போக மாட்டேன் என்கிறது. தூக்கமும் சரியில்லை. வெளியூரில் ரூமுக்கு வந்ததும் இரண்டு பெக் போட்டால்தான் உடம்பு அடங்கும், அது பெரிய விஷயம் இல்லை, கூட வருகிற எல்லோரும் செய்வதுதான். இப்போது வீட்டிலும் சில நாள் தேவைப்படுகிறது.

மச்சான் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் பேசி வைத்திருக்கிறார். ஜூனில் சேர வேண்டும், மே முதல் வாரத்துக்குள் பதில் சொல்லணும். மனைவி "அடுத்த மாசம் எவ்வளவு வரும்னு தெரிஞ்சா எனக்குப் போதும்" என்கிறாள். என் படத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே இல்லை, பணம்தான். அந்த வேலைக்குப் போனால் நான் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வேலைக்குப் போகவா, வேண்டாமா? முகம் தெரியாதவர்களிடம் இருக்கிற பிரியம் எனக்குச் சொந்த வீட்டில் இல்லையா?

பெயர் வேண்டாம், கும்பகோணம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பள்ளி வேலையை அப்புறம் பார்க்கலாம். ரயிலில் கேட்ட அந்தக் கேள்விக்கு முதலில் வருகிறேன், நீங்கள் பதில் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

ஸ்டாலில் நீங்கள் சிரிப்பது வேலை. கயிறு கட்டுவது எப்படி வேலையோ அப்படி. அர்லி ஹாக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை வைத்து இதை ஆராய்ந்து 1983இல் விரிவாக எழுதினார். பயணி என்ன சொன்னாலும் முகம் மாறக் கூடாது என்பதே அவர்கள் வேலையின் ஒரு பகுதி. அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். வேலை முடிந்து வெளியே வந்த பிறகு, எது தன் சொந்த உணர்ச்சி என்பதே சிலருக்குப் பிடிபடாமல் போனது. உங்கள் நிலைமை இதைவிட ஒரு படி கஷ்டம். அவர்கள் யாரோ ஒரு கம்பெனியின் டிக்கெட்டுக்காகச் சிரித்தார்கள். நீங்கள் சொந்தக் கையால் வரைந்ததைத் தொங்கவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பிரேம் மட்டும் எவ்வளவு?" என்பதற்கும் சிரிக்கிறீர்கள். சித்ர சந்தை நடக்கும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சாலையில் நடக்கிற ஜனம் லட்சக்கணக்கில் இருக்கும். உங்கள் ஸ்டால் முன்னால் நின்று போகிறவர்கள் அதில் சிறு பங்கு என்றாலும், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நொடி எதிர்பார்ப்பு, பிறகு ஒரு சின்ன ஏமாற்றம். இதையெல்லாம் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்குப் பேச்சு மிச்சம் இருக்காது. பிரியம் இல்லாமல் போனதாக இதற்கு அர்த்தம் இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டாலில் உங்களுக்குச் சந்தோஷமும் கிடைக்கிறது. அங்கே நீங்கள் ஆர்ட்டிஸ்ட். இந்த நிழலில் ஏன் நீலம் வைத்தீர்கள் என்று கேட்பதற்கு ஒரு ஆளாவது வருகிறார். வீட்டில் கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்பார்கள். எந்த வீட்டிலும் அப்படித்தான். அந்தச் சந்தோஷத்துக்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆனால் உங்கள் மனைவி அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதைத்தான். கலகலப்பாகப் பேசுகிற, ஜோக் அடிக்கிற ஒரு மனிதரை அவர் நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். அவருடைய கேள்வியில் எனக்குக் கோபத்தைவிட ஏக்கம்தான் அதிகம் கேட்கிறது. நான் அந்த ரயிலில் இல்லை, என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். அவரையே கேளுங்கள்.

பிரேம் கேட்ட ஆளின் கதையை எனக்கு எழுதினீர்கள். நன்றாகவே சிரித்தேன். மனைவி பக்கத்திலேயே இருந்தார், அதனால் அவருக்குத் தெரிந்திருக்கும். பையனிடம் சொன்னீர்களா? மும்பையில் நடந்ததை யாரிடமாவது சொன்னீர்களா? பயணத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது அலுப்பும் அழுக்குத் துணியும் மட்டும்தான் என்று தோன்றுகிறது. கதை எல்லாம் வழியிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் படத்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேசவே பேசாத ஒன்றைப் பற்றி அவர் என்ன சொல்ல முடியும்?

அதற்காக வந்து இறங்கியதும் கலகலவென்று பேசுங்கள் என்று சொல்ல மாட்டேன். முடியாது. கிளம்பும் முன்பே ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: "வர்ற அன்னிக்கு என்னை விட்டுடு. மறுநாள் சாயங்காலம் நாலு பேரும் உட்காருவோம்." நான்காவது ஆள் யார் என்கிறீர்களா? வீட்டில் பெரியவர்கள் யாராவது இருப்பார்கள் என்று நினைத்துச் சொன்னேன், இல்லையென்றால் மூன்று பேர். உங்கள் மௌனம் எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பதுதான் வீட்டில் இருப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும். நாம் என்ன தப்பு செய்தோம் என்று குழந்தை யோசிக்கும். நாளைக்குச் சாயங்காலம் முடியும் என்று தெரிந்துவிட்டால் யாரும் தாங்கிக்கொள்வார்கள். அன்று சாயங்காலம் பெட்டியைப் பிரிக்கும்போது பையனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். கிளிப்பை எண்ணி டப்பாவில் போடுவது, மிச்ச பிரின்ட்டை சைஸ் வாரியாக அடுக்குவது, இதெல்லாம் அவன் செய்யட்டும். கை வேலை நடக்கும்போது வாய் தானாகத் திறக்கும், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை.

இனி பணம். கடை கட்டும் நேரத்தில் இரண்டு ஒரிஜினல் போவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் மனம் மிக உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டியது இது: எத்தனை கொத்துக்கு ஒரு தடவை தீனி விழும் என்று கணக்குத் தெரியாத புறா, தீனி நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. ஓவியச் சந்தை அப்படியே இயங்குகிறது. நன்றாக விற்ற இரவில் 'இதை விடவே முடியாது' என்றும், ஈ ஓட்டிய இரவில் 'எல்லாம் வீண்' என்றும் தோன்றும். இரண்டும் அந்த ஒரு இரவின் பேச்சு. ஆகவே ரயிலில் உட்கார்ந்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். திரும்பி வந்த அந்த மூன்று நாலு நாளிலும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக, போன தீபாவளியிலிருந்து பிப்ரவரிவரை வந்தது, போனது எல்லாவற்றையும் ஒரு தாளில் போடுங்கள். ஸ்டால் கட்டணம், ரயில், லாட்ஜ், தாள், கலர், பிரேம், வழியில் உடைந்த கண்ணாடி, யுபிஐயில் வந்தது, கையில் வந்தது. மிச்சத்தை 12ஆல் வகுங்கள். இதை நீங்கள் தனியாகப் போட வேண்டாம், பில் போட்டவர் கூட இருக்கட்டும். மனைவி கேட்டது இந்த எண்ணைத்தான். அதிகப் பணம் வேண்டும் என்று அவர் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எவ்வளவு என்று தெரிந்தால் போதும் என்கிறார். அரிசியும் பள்ளிக் கட்டணமும் மாதா மாதம் வருகின்றன, உங்கள் வருமானம் நாலு மாதத்தில் வந்து நின்றுவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டு சமாளிப்பவர் கேட்கிற கேள்வி அது. நீங்கள் அதை உங்கள் கலையின் மேல் போட்ட மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டீர்கள்.

பிரஷ் ஓடாததைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அலுப்பு படித்துறை மேல்தானா, வரைவதன் மேலேயேவா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. விற்கவே முடியாத ஒன்றை, பையனின் பழைய நோட்டில், பேனாவால் கிறுக்கிப் பாருங்கள். அதற்குக் கை போனால் பாதிக் கவலை விட்டது.

கை போகவில்லை என்றால், இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். "அது பெரிய விஷயம் இல்லை" என்று நீங்கள் எழுதிய வரியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். மது முதலில் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் மறுநாள் இன்னும் அலுப்பு, இன்னும் எரிச்சல். வெளியூர் ரூமில் இருந்தது வீட்டுக்கும் வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் கெடுவது, பிடித்த வேலையில் நாட்டம் போவது, எரிந்து விழுவது இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. கூச்சப்பட ஒன்றுமில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளியாகவே பார்க்கலாம்.

"இருந்தும் இல்லாத மாதிரி" என்று எழுதினீர்களே, அது பேச்சுவாக்கில் வந்ததா? இருக்கவே வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது வருகிறதா? நேராகக் கேட்பதற்காகத் தப்பாக நினைக்காதீர்கள், கேட்காமல் விடுவதுதான் தப்பு. ஆம் என்றால், மே மாதம்வரை எல்லாம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கியது, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். வீட்டிலும் ஒருவரிடம் சொல்லுங்கள்.

சரி, பள்ளி வேலை. போங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. சொந்த அபிப்பிராயம் ஒன்று மட்டும்: கலைஞன் வேலைக்குப் போனால் கலை செத்துவிடும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. வேலைக்குப் போகாததால் செத்த கலையும் ஏராளம். வேலையா சாலையா என்று இரண்டில் ஒன்றாக நீங்கள் வைத்துக்கொண்டதால்தான் மூச்சு முட்டுகிறது. சித்ர சந்தை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சனியும் திங்களும் லீவு கிடைத்தால் போய்வரலாம். காலா கோடா ஒன்பது நாள் நடப்பது, பள்ளி வேலையோடு ஒத்துவராது. இப்படி நீங்கள் போகிற ஒவ்வொரு ஊரையும் எடுத்து, எது நிற்கும், எது போகும், போவதில் எதற்காக மனம் உண்மையிலேயே வலிக்கிறது என்று பாருங்கள். பள்ளியிலும் தயங்காமல் கேளுங்கள்: ஜனவரியில் இத்தனை நாள் லீவு தருவீர்களா, வாரத்தில் எத்தனை பீரியட், கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? மச்சான் பேசி வைத்த வேலை என்பதால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

இந்தப் பதில்களும் அந்த 12ஆல் வகுத்த எண்ணும் கையில் வந்த பிறகு, முடிந்தால் இருவரும் சேர்ந்து ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள். தனியாக வருவதானாலும் பரவாயில்லை. மே முதல் வாரத்துக்குள் எல்லாம் முடியவில்லையென்றால் பள்ளியில் இன்னும் பத்து நாள் அவகாசம் கேளுங்கள், ஜூனுக்கு ஆள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தருவார்கள்.