பேட்ச் ஜாப்களைப் பிரிக்க எந்த எக்ஸிட்?

கேள்வி: எங்கள் இசட்/ஓ.எஸ். (ஐ.பி.எம். இயங்குதளம்) மெயின்பிரேமில் பேட்ச் ஜாப்கள் (யாரும் உடனிருக்காமல் வரிசையில் ஓடும் வேலைகள்) அனைத்தும் இரண்டே ஜாப் கிளாஸ்களில் (ஜாப் காத்திருக்கும் வரிசை வகைகள்) வந்து குவிகின்றன. பத்து விநாடியில் முடிகிற ஜாபும் மூன்று மணி நேரம் ஓடுகிற ஜாபும் ஒரே சர்வீஸ் கிளாஸில் (ஓடும்போது முன்னுரிமையைத் தீர்மானிக்கும் வகுப்பு) விழுவதால், சிறியவை காத்துக் கிடக்கின்றன. ஜே.சி.எல்.லில் (ஜாபை விவரிக்கும் கட்டளை வரிகள்) உள்ள டைம் (சி.பி.யு. நேர வரம்பு) அளவையும் டேப் பயன்பாட்டையும் பார்த்துப் பிரிக்கும் ரொட்டீன் ஒன்றை அசெம்பிளரில் எழுத நினைக்கிறேன். ஜாப்களை ஏற்று வரிசைப்படுத்தும் ஜெஸ்2-இல் எந்த எக்ஸிட் (நம் சொந்த ரொட்டீனை இணைக்கும் இடம்) இதற்குப் பொருந்தும்?

பதில்: எக்ஸிட் தேவையா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஜாப் பெயர், ஜாப் கிளாஸ், யூசர் ஐடி, கணக்குத் தகவல் ஆகியவற்றை வைத்தே டபிள்யூ.எல்.எம். (வேலைப்பளுவை நிர்வகிக்கும் பகுதி) விதிகள் சர்வீஸ் கிளாஸை முடிவு செய்துவிடும் என்பதால், ஜாப்களுக்குப் பெயரிடுவதில் ஒழுங்கான முறை இருக்கும் இடங்களில் நான்கு விதிகளிலேயே வேலை முடிந்துவிடுகிறது. டைமும் டேப்பும் அந்த விதிகளின் கண்ணுக்குத் தெரியாதவை. உங்களுக்கு எக்ஸிட் வேண்டியிருப்பது அதனால்தான்.

ஜாப் கார்டைப் (ஜாபை அறிமுகப்படுத்தும் ஜே.சி.எல். வரி) படிக்கும்போது அழைக்கப்படும் எக்ஸிட் 2, 52 இரண்டும் உங்களுக்கு உதவா; அந்த நேரத்தில் புரொசீஜர்கள் (சேமித்து வைத்த ஜே.சி.எல். தொகுப்புகள்) விரிக்கப்பட்டிருக்காது. விரிந்த பிறகு ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டுக்கும், கடைசியில் ஜாப் முழுவதற்கும் ஒரு முறையும் அழைக்கப்படுவது எக்ஸிட் 6. ஆனால் உங்கள் ஜெஸ்2 அமைப்பின் ஜாப்டெஃப் வரியில் இன்டர்பிரெட் மதிப்பு ஜெஸ் என்று இருந்தால், அதன் இடத்தில் எக்ஸிட் 60 அழைக்கப்படும். இதைச் சரிபார்க்காமல் 6-க்கு எழுதிவிட்டு, ரொட்டீன் ஏன் அசையவே இல்லை என்று டம்ப்பைப் (நினைவகப் பதிவு) புரட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. எக்ஸிட் 6 ஓடுவது துணை டாஸ்க்கில் என்பதால், பிரதான டாஸ்க்குக்கு உரிய சேவைகளை அங்கே அழைக்கக்கூடாது; ஜே.க்யூ.இ.யை (வரிசையில் ஜாபுக்கான ஜெஸ்2 பதிவு) நேரடியாகத் தொடவும் கூடாது. பல ஜாப்களின் ஜே.சி.எல். ஒரே சமயத்தில் உள்வடிவத்துக்கு மாற்றப்படுவதால் ரொட்டீன் ரீ-என்ட்ரன்ட் ஆக (ஒரே நேரத்தில் பலர் அழைத்தாலும் குழம்பாததாக) இருந்தே தீர வேண்டும்.

ரொட்டீன் ஜாப் கிளாஸை மட்டும் நிர்ணயிக்கட்டும். எந்த ஜாப் கிளாஸ் எந்த சர்வீஸ் கிளாஸுக்குப் போகிறது என்பதை டபிள்யூ.எல்.எம். விதியிலேயே விட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் முன்னுரிமை மாறினால், பாலிசியை மாற்றினால் போதும், ரொட்டீனை மறுபடி அசெம்பிள் செய்ய வேண்டியிருக்காது.

உண்மையான சிக்கல் நீங்கள் நம்பியிருக்கும் அந்த இரண்டு அடையாளங்களிலேயே இருக்கிறது. டைம்=5 என்றால் ஐந்து நிமிடம்; டைம்=(,5) என்றால் ஐந்து விநாடி. டைம்=1440 என்றால் இருபத்து நான்கு மணி நேரம் என்று பொருள் அல்ல, சி.பி.யு. வரம்பே இல்லை என்று பொருள். யாரோ எப்போதோ எழுதிய ஜே.சி.எல்.லைப் படியெடுத்து 1440-ஐயும் சேர்த்தே கொண்டுவந்தவரின் பத்து விநாடி ஜாபை, உங்கள் ரொட்டீன் நீண்ட ஜாப் என்று ஒதுக்கிவிடும். டைம் ஜாப் கார்டில் இல்லாமல் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் தனித்தனியே இருக்கலாம். எங்குமே இல்லாவிட்டால் ஜாப் கிளாஸின் இயல்பு மதிப்பு ஸ்டெப்புக்கு ஸ்டெப் பொருந்தும். டேப் விஷயம் இதைவிட மோசம். புதிதாக எழுதும் டேப்புக்கு டி.டி. வரியில் (டேட்டாசெட்டைக் குறிக்கும் ஜே.சி.எல். வரி) பொதுவாக யூனிட் பெயர் இருக்கும். கேட்டலாகில் (டேட்டாசெட் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) உள்ள பழைய டேப்பைப் படிக்கும் டி.டி.யில் வெறும் டேட்டாசெட் பெயரும் டிஸ்ப்பும் (அதன் நிலை) தான் இருக்கும். அது டேப்பா டிஸ்க்கா என்பது கேட்டலாகைப் பார்த்த பிறகே தெரியும், உங்கள் எக்ஸிட் ஓடும்போது அது தெரிய வழியில்லை.

ஆகவே எழுதியவர் சொன்னதை விட, ஜாப் செய்ததை நம்புவதே என் கட்சி. எஸ்.எம்.எஃப். (கணினிப் பயன்பாட்டைப் பதியும் வசதி) 30-ஆம் வகைப் பதிவின் 5-ஆம் துணைவகையில் ஜாப் முழுவதற்குமான சி.பி.யு. நேரம் கிடைக்கிறது, அதிலிருந்து ஜாப் பெயர் வாரியாக ஓர் அட்டவணை தயாரித்து, அதைத் தனி மாட்யூலாக வைத்து, ரொட்டீன் முதலில் அங்கே தேடட்டும். பெயர் கிடைக்காத புதிய ஜாபுக்கு மட்டும் டைம் அளவைப் பாருங்கள்.

முதல் சில வாரங்கள் எதையும் மாற்றாமல், எந்தக் கிளாஸைக் கொடுத்திருக்கும் என்பதை மட்டும் பதியும்படி ஓட்டிப் பாருங்கள். புதிய ஜாப் கிளாஸுக்கு இனிஷியேட்டர் (ஜாபை எடுத்து ஓட்டும் பகுதி) இல்லாவிட்டால் ஜாப் வரிசையிலேயே நிற்கும், டபிள்யூ.எல்.எம். விதியும் இயல்பு சர்வீஸ் கிளாஸும் இல்லாவிட்டால், மிஞ்சிய நேரத்தில் மட்டுமே ஓடும் சிஸ்அதர் கிளாஸில் விழும். அட்டவணையிலும் பொருந்தாமல், டைமும் இல்லாமல் வரும் ஜாபை ரொட்டீன் தொடவே கூடாது. வந்த கிளாஸிலேயே விட்டுவிட்டு, ரிட்டர்ன் கோடு 0 தந்து திரும்ப வேண்டும். இரவில் ஏதாவது பிசகினால் எக்ஸிட்டை டிசேபிள் செய்யும் $T EXIT கட்டளையை ஆபரேட்டரின் குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.