9 லட்சம் லாபம் எங்கே போனது?

கேள்வி: கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் செய்து தருகிறோம். போன வருஷம் மாதம் 8 லட்சமாக இருந்த பில்லிங் இப்போது 10 லட்சம். பார்ட்டிகள் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். புதிதாக ஒரு விஎம்சி (கணினி வழி இயங்கி உலோகம் வெட்டும்) மெஷின் வாங்கினேன். முன்பணம் 8 லட்சத்தை வங்கியின் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கிலிருந்து எடுத்தேன், மீதி டேர்ம் லோன் (நீண்ட காலத் தவணைக் கடன்). அதற்கு அசல் மட்டும் மாதம் 25,000. வீட்டுக்கு மாதம் 40,000 எடுக்கிறேன். ஆடிட்டர் தேய்மானம் 3 லட்சம் கழித்து, 9 லட்சம் லாபம் என்கிறார். ஆனால் சம்பள நாளில் கைமாற்று வாங்குகிறேன். அந்த லாபம் எங்கே போனது? 2008 மாதிரி நெருக்கடியில் பெரிய கம்பெனிகளே விழுகின்றனவே, அது எதனால் வருகிறது? நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் ஆடிட்டர் போட்ட கணக்கு சரி. உங்கள் கையில் பணம் இல்லை என்பதும் சரி. லாப நட்டக் கணக்கில், பில் போட்ட நாளிலேயே விற்பனை வரவாகிவிடும். பணம் வந்ததா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. லோன் அசலும் நீங்கள் வீட்டுக்கு எடுப்பதும் அதில் செலவாக வராது. அதனால் உங்கள் எண்களை வேறு விதமாக அடுக்கிப் பார்ப்போம்.

லாபம் 9 லட்சம். தேய்மானம், அதாவது மெஷின் பழசாவதற்காகக் கணக்கில் மட்டும் கழிக்கும் 3 லட்சம், கையை விட்டுப் போன பணம் இல்லை, திரும்பக் கூட்டினால் 12 லட்சம். இனி வெளியே போனது: 90 நாள் கடனில் மாதம் 8 லட்சம் விற்றபோது பார்ட்டிகளிடம் நின்றது 24 லட்சம், 10 லட்சம் விற்கும்போது 30 லட்சம். தொழில் வளர்ந்ததால் மட்டுமே கூடுதலாக 6 லட்சம் வெளியில் முடங்கிவிட்டது. மெஷின் முன்பணம் 8, லோன் அசல் 3, வீட்டுக்கு 4.8. மொத்தம் 21.8 லட்சம். சரக்கும் நீங்கள் தர வேண்டிய பாக்கியும் மாறவில்லை என்று வைத்து, வருமான வரியையும் விட்டுவிட்டால்கூட 9.8 லட்சம் துண்டு விழுகிறது. அது சி.சி.யிலிருந்து வந்திருக்கிறது. வளரும் தொழில்தான் அதிகம் பணம் கேட்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் பல பட்டறைகள் மூடாமல் தப்பித்திருக்கும்.

இதில் எனக்குக் கவலை தருவது அந்த 8 லட்சம். சி.சி. என்பது இரும்பு வாங்கி, பாகம் செய்து, பில் பணம் வந்ததும் திரும்பக் கட்டுவதற்கான கடன். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது, வங்கி நினைத்தால் குறைக்கக் கூடியது. மெஷின் தன் விலையைச் சம்பாதித்துத் தர ஐந்தாறு வருஷம் ஆகும். குறுகிய காலக் கடனை நீண்ட காலச் சொத்தில் போட்டுவிட்டீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி திரட்டிய ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். குழுமத்தைப் பாருங்கள். சாலை, சுரங்கப்பாதை, மின் நிலையம் என்று பத்து, இருபது ஆண்டுகளில் பணம் திரும்பும் திட்டங்கள். திருப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவந்த திட்டத்திலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் கடனில் ஒரு பகுதி சில மாதங்களில் திருப்பித் தர வேண்டியது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கிடைத்தவரை எல்லாம் ஓடியது. 2018இல் அது நின்றது. உயர்ந்த தர மதிப்பீடு பெற்றிருந்த குழுமம் தவணை தவறியது. கடன் சுமார் 91,000 கோடி ரூபாய். அக்டோபர் 1ஆம் தேதி மத்திய அரசு அதன் இயக்குநர் குழுவையே மாற்றியது. அந்தப் பயத்தில் மற்ற நிதி நிறுவனங்களுக்கும் கடன் வறண்டது. 2019இல் வாகன விற்பனை சரிந்ததற்கு வண்டிக் கடன் இறுகியதும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2007இல் 400 கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டியது. வீட்டுக் கடன் பத்திரங்களில் பணம் முடங்கியிருக்க, அன்றாடம் புரட்டும் கடனில் ஓடிக்கொண்டிருந்தது. சந்தை நம்பிக்கை இழந்ததும், 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு போட்டது. தாய்லாந்தில் 1997இல் குறுகிய கால டாலர் கடனை பாங்காக் கட்டடங்களில் கொட்டினார்கள். தாய்லாந்து நாணயமான பாட்டின் மதிப்பு விழுந்ததும் கடன் பளு ஏறக்குறைய இரட்டிப்பானது. எல்லா நெருக்கடியும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். கொரோனா முடக்கம் வெளியிலிருந்து வந்த அடி. ஆனால் அதிலும் முதலில் விழுந்தவர்கள், அடுத்த மாதத் தவணைக்கு அடுத்த மாத வரவையே நம்பியிருந்தவர்கள்.

அது உங்கள் பட்டறைக்குள் எப்படி நுழையும் தெரியுமா? பம்ப் கம்பெனிக்கு விற்பனை குறைந்தால் 90 நாள் 120 நாளாகும். 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பல வங்கிகள் சி.சி.யில் எடுக்கக்கூடிய தொகையைக் கணக்கிடும்போது சேர்ப்பதில்லை. பணம் வராத அதே மாதத்தில் வங்கியிலும் எடுக்க முடியாமல் போகும். பட்டறையை முடக்குவது இந்த இரட்டை அடிதான்.

ஆகவே முதல் வேலை, மெஷின் பில்லோடு வங்கிக்குப் போய் அந்த 8 லட்சத்தையும் டேர்ம் லோனாக மாற்றக் கேளுங்கள். வாங்கி ரொம்ப நாள் ஆகிவிட்டால் ஒப்புக்கொள்வது கடினம். 5 வருஷத் தவணை என்றால் அசல் மாதம் 13,000 சொச்சம், உங்கள் பட்டறை தாங்கும்.

அடுத்தது வசூல். 90 நாளை 75 ஆக்கினாலே 5 லட்சம் உங்கள் கைக்கு வந்துவிடும், வட்டியில்லாமல். உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா பாருங்கள். குறு, சிறு தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கும் வரை அந்தக் கம்பெனி செலவாகக் காட்ட முடியாது. தாமதம் பற்றி அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம்தான். ஆனால் தொடர்ந்து ஆர்டர் தரும் பார்ட்டி மீது அதை முதல் ஆயுதமாக எடுக்க நான் சொல்ல மாட்டேன். இந்த வரி விஷயத்தை அவர்களுடைய கணக்குப் பிரிவில் பக்குவமாகப் பேசுங்கள், மார்ச் மாதத்துக்கு முன்பே. பார்ட்டி பெரிய கம்பெனி என்றால், பில்லைக் காட்டிப் பணம் பெறும் இணையதளமான ட்ரெட்ஸில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் அதில் சேர்வது கட்டாயம். அவர்கள் ஒப்புக்கொண்ட பில்லை அங்கே தள்ளுபடியில் கொடுத்து உடனே பணம் பெறலாம்.

கடைசியாக, ஒரு தாளில் வரும் 13 வாரங்களைக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வாரமும் உண்மையில் வரும் என்று நம்பக்கூடிய வசூல், சம்பளம், இரும்புக் கடை, 20ஆம் தேதி ஜி.எஸ்.டி., தவணை. இதில் விற்பனையை எழுத வேண்டாம், வசூலை மட்டும் எழுதுங்கள். உங்கள் பெரிய பார்ட்டி 30 நாள் தாமதித்தால் எந்த வாரம் கணக்கு மைனஸில் போகிறது என்று இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். சி.சி. புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே அந்தத் தாளை மேலாளரிடம் காட்டுங்கள்.