மகள் எபிஸ்கோப்பல் குருவானவராக விரும்புகிறாள், விடலாமா?

வணக்கம் அம்மா. நியூ ஜெர்சியில் உயிரியல் படித்து முடித்த மகள், டாக்டருக்குப் படிக்காமல், அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபையான எபிஸ்கோப்பல் சபையில் குருவானவராகப் போகிறேன் என்கிறாள், தடுப்பதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுப்பதற்கு இப்போது அவசரமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

செமினரியில், அதாவது இறையியல் கல்லூரியில், இடம் கிடைத்தாலே குருப்பட்டம் கிடைத்துவிடாது. முதலில் அவள் தன் சபையின் தலைமைக் குருவானவரான ரெக்டரிடம் பேச வேண்டும். சபையில் ஒரு குழு அவளோடு பலமுறை உட்கார்ந்து, இந்த அழைப்பு மெய்தானா என்று பார்க்கும். அப்புறம் பேராயரின் சம்மதம், உடல்நல மனநலப் பரிசோதனை, பின்னணி விசாரணை. அதன் பிறகுதான் மூன்று வருட எம்.டிவ். என்னும் இறையியல் முதுகலைப் படிப்பு. இடையில் மருத்துவமனைப் பயிற்சி உண்டு. சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் பரீட்சையைவிடப் பெரிய சோதனை அதுதான். கடைசியில் முதல் படியான டீக்கன் (உதவிக்குரு) பட்டம், வழக்கமாக ஆறு மாதமாவது கழித்துக் குருப்பட்டம். பேராயரைப் பார்க்கும் முன்பே கடன் வாங்கிச் செமினரியில் சேர மட்டும் விடாதீர்கள்.

உங்கள் சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) இந்தச் சபையும் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் ஊர் வழக்கத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஊரில் பேராயர் மாற்றல் போட்டால் குருவானவர் பெட்டியைக் கட்டுவார். அங்கே வெஸ்ட்ரி என்னும் நிர்வாகக் குழுதான் நேர்காணல் நடத்தி ரெக்டரைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே வேலை தேடும் பாடு அவளுக்கும் உண்டு.

சம்பளம் டாக்டர் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. சின்னச் சபைகளில் பகுதி நேரம்தான். வேறு வேலையும் பார்ப்பார்கள். ஆனால் பொதுவாக வீடோ வீட்டு வாடகைப் படியோ கிடைக்கும். ஓய்வூதிய நிதிக்கு ஊதியத்தில் 18% அளவுக்குச் சபையே கட்டும்.

கல்யாணத்துக்குத் தடையில்லை. பெண்களுக்கான குருப்பட்டத்தை 1976-லேயே ஏற்றுக்கொண்ட சபை இது. 2006-ல் தலைமைப் பேராயரான கேத்தரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி, அதற்கு முன் கடலியல் விஞ்ஞானியாக இருந்தவர். உங்கள் மகளும் இரண்டு வருடம் ஆய்வகத்தில் வேலை பார்க்கட்டும். கூடவே ரெக்டரிடம் பேச்சைத் தொடங்கட்டும். அந்தச் சந்திப்புக்கு நீங்கள் துணைக்குப் போக வேண்டாம் அம்மா, காரிலேயே இருங்கள்.